கம்சாயினி ரீச்சரின் ‘நோ’ பாடம்

கம்சாயினி ரீச்சரின் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘ஏலாது’ என்பதுதான். விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்புச் செய்ய வேண்டுமா, ஓம் சேர். சரஸ்வதி பூசைக்குக் கடலை அவிக்க வேண்டுமா, ஓம் சேர். வராத கணித ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா, அதற்கும் ஓம் சேர். அதிபர் இராசதுரை நல்ல மனிதர்தான். ஆனால் குனிகிற தலையைக் கண்டால் நல்லவர் கையும் குட்டத்தான் பார்க்கும்.

பதினொரு வருடமாக ரீச்சர் மட்டக்களப்பு நகரிலிருந்து ஸ்கூட்டியில் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வயல்வட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறார். மாரியில் வயல் வெள்ளம் வீதிக்கு ஏறிவிட்டால் ஸ்கூட்டி அவரைச் சுமப்பதில்லை, அவர்தான் ஸ்கூட்டியைத் தள்ள வேண்டும். அதனால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். யாரை அனுப்பலாம் என்று சிபாரிசு செய்ய வேண்டியவர் ஆசிரிய ஆலோசகர் முனாப் சேர். ஏறாவூர்க்காரர். பாடத்தைக் கண்ணால் காணாமல் யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை எழுதாதவர்.

அவர் வந்தார். ஆறாம் தரத்து இருபத்துமூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். சோதிப்பதற்கென்றே பசுமாட்டின் படத்தை உயர்த்திப் பிடித்து, இது முதலையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ், சேர்!” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சைக்கிள் படத்தைக் காட்டி, இது தேங்காயா என்றார். “யெஸ், சேர்!” என்ற பதில் இன்னும் பலமாக வந்தது. அவர் குறிப்பேட்டில் எழுதிய ஒற்றை வரியை ரீச்சர் தலைகீழாகவே வாசித்துவிட்டார்: அடிப்படைச் சொற்களும் தெரியாது. மூன்று வாரத்தில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு சேர் போனார்.

ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் அதைவிட அதிகம்.

“பசுவத் தெரியாதா உங்களுக்கு? ஒவ்வொரு நாளும் சாணிய மிதிச்சிட்டுத்தானே வாறீங்க!”

தனுஷாதான் மெல்ல எழுந்தாள். வாய் திறக்கவே யோசிக்கிற பிள்ளை.

“தெரியும் ரீச்சர், ‘கௌ’. ஆனா சேர் பெரிய ஆள். முதல்முதலா நம்மட பள்ளிக்கு வந்திருக்காரு. அவர் முதலை எண்டு சொல்லக்குள்ள இல்ல எண்டா மரியாதையில்லதானே?”

ரீச்சருக்கு விஷயம் விளங்கியது. பாடத்தில் பிள்ளைகள் தவறவில்லை, மரியாதையில்தான் ஒரு படி கூடிப்போய்விட்டார்கள். இந்த மரியாதையை யாரைப் பார்த்துப் பழகியிருப்பார்கள் என்றொரு யோசனையும் வந்தது. அதை அவர் அதிக நேரம் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே ‘நோ’ பாடம் தொடங்கியது. ரீச்சர் ஆங்கிலத்தில் பொய்யாக அவிழ்த்துவிட வேண்டும், பிள்ளைகள் மறுக்க வேண்டும். “ஐ ஆம் எ ஃபிஷ்,” என்று தன்னை மீனாக்கிக்கொண்டு காத்திருந்தார் ரீச்சர். வகுப்பு நெளிந்தது. கடைசியில் தனுஷா எழுந்து, தலையைக் குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நோ, ரீச்சர்,” என்றாள். அது அவளுக்கும் அவள் கைக்கும் மட்டும்தான் கேட்டது.

“லவுடர்!” என்று மேசையில் தட்டினார் ரீச்சர். “சத்தமாச் சொல்லு! கைய எடு மகள், நிமிந்து நில்லு!”

இரண்டாம் வாரம் பிள்ளைகள் ருசி கண்டுவிட்டார்கள். மூன்றாம் வாரம் தனுஷாவின் தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“என்ன ரீச்சர் படிப்பிச்சிருக்கீங்க? வட்டைக்கு அப்பாக்குச் சோறு கொண்டு போ மகள் எண்டா ‘நோ, மதர்’ எண்டு நிக்கிறாள். கைய வேற இடுப்புல வெச்சிருக்காள்!”

“மன்னிச்சிக்கங்க அம்மா,” என்றார் ரீச்சர், முகத்தை இறுக்கிக்கொண்டு. “அடுத்த வெள்ளி திரும்ப ‘யெஸ்’ படிப்பிக்கிறன்.”

அந்த அம்மா போனபிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வெண்கட்டி ஒடிந்தது.

முனாப் சேர் சொன்ன நாளில் வந்து, பசுவை மறுபடி முதலையாக்கினார். “நோ, சேர்! இட் இஸ் எ கௌ!” சைக்கிளைத் தேங்காயாக்கினார். “நோ, சேர்!” அவரும் சளைக்கவில்லை. தன் நரைத்த தலையைத் தொட்டு, இது கறுப்பா என்றார். “நோ, சேர்!” வாசலில் நின்ற அதிபருக்கு வியர்த்துவிட்டது. சேரோ வாய்விட்டுச் சிரித்தபடி குறிப்பேட்டை விரித்து ஒரு முழுப் பக்கம் எழுதினார். ரீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி மாரி வெள்ளமில்லை, காலையில் இன்னும் ஒரு மணித்தியாலம் உறங்கலாம்.

எழுதி முடித்த சேர், பிள்ளைகளுக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உங்கள் ரீச்சர் மிக நல்ல ரீச்சர். ஜனவரியில் அவரை நகரப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். சரிதானே?

சில பிள்ளைகள் சேரின் கையில் படம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. தனுஷா எழுந்தாள். கையை வாயருகே கொண்டுபோகவேயில்லை.

“நோ, சேர்.”

மற்ற இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். “நோ, சேர்!” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சேர் பேனாவை மூடாமலே கம்சாயினியின் பக்கம் திரும்பினார். “புள்ளையள் உடாதுகள் போல இருக்கே ரீச்சர். நீங்க என்ன சொல்றீங்க? ஜனவரியில வாறீங்கதானே?”

பதினொரு வருடப் பழக்கத்தில் ‘ஓம் சேர்’ நாக்கு நுனிவரை ஓடி வந்துவிட்டது. போக ஆசையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் தனுஷா கண் நிறைய நீரோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இவர்களை விட்டுப்போகத் தனக்கு மனமில்லை என்பது ரீச்சருக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்றார். தலை தானாகக் குனிந்தது, கை தானாக வாயைப் பொத்தியது.

“நோ, சேர்,” என்றார்.

சேருக்குக் கேட்கவில்லை. வகுப்புக்குக் கேட்டுவிட்டது.

“லவுடர், ரீச்சர்!”