சேமித்த கொடியும் எறிந்த கொடியும்

என் மகன் சரணுக்கு அப்போது பத்து மாதம். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. பல் முளைக்கிற சோர்வு என்றார்கள் வீட்டில். அடையாறு மருத்துவமனையில் தலசீமியா (உடம்பால் சரியான ரத்தத்தை உண்டாக்க முடியாத பிறவிக் கோளாறு) என்றார்கள்.

எனக்கு முதலில் பயம்கூட வரவில்லை. அவன் தொப்புள்கொடியின் ரத்தத்தையும் திசுவையும் தனியார் வங்கி ஒன்றில் சேமித்திருந்தோமே! அதிலுள்ள ஸ்டெம்செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச்செல்) பின்னாளில் உயிரையே காக்கும் என்று சொல்லித்தானே வாங்கிப் போனார்கள்?

“அந்த ரத்தத்துலயும் இதே கோளாறுதாம்மா இருக்கும்” என்றார் டாக்டர். “திசுவுல இருக்கிற செல் ரத்தத்தை உண்டாக்காது. அதுல பலதும் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு.”

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: விளம்பரத்தில் இந்த உண்மையைத் தேடாதீர்கள். டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மதினி, என் கணவரின் அக்கா, கூடவே வந்திருந்தார்; சும்மா விடுவாரா? சரணின் காய்ந்த கொடியை அடைத்து இடுப்பில் கட்டியிருந்த வெள்ளித் தாயத்தை உடைத்து, டாக்டர் மேசையில் வைத்தார். “இதுக்குத்தான் நம்ம பெரியவங்க கட்டச் சொன்னாவ. வாட்ஸ்அப்புல வந்திருக்கு.”

“காஞ்சுபோனதுல உயிர் இல்லீங்க” என்றார் டாக்டர். பிறகு என்னிடம், “மூத்த பொண்ணோட கொடி ரத்தத்தைச் சேமிச்சீங்களா? பொருந்தியிருந்தா உதவியிருக்கும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளி பிறந்தபோதே சேமிக்கலாமா என்று நான் கேட்டேன். “பொட்டப்பிள்ளைக்கு எதுக்குளா?” என்று சொன்னது இதே மதினிதான். வங்கியும் இல்லை, தாயத்தும் இல்லை. அவள் கொடி குப்பைக்குப் போனது.

பரிசோதனையில் வள்ளியின் எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் உண்டாகும் பகுதி) தம்பிக்குப் பொருந்தியது. ஆனால் அவன் உடம்பு தேற வேண்டுமே! மூன்று வாரத்துக்கொருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். எனக்குக் கிழமையே மறந்துபோனது. ரத்தம் ஏற்றிய நாள், ஏற்றப்போகும் நாள், அவ்வளவுதான்.

மஜ்ஜை எடுக்கும் நாளில், “ரொம்ப வலிக்குமாம்மா?” என்றாள் வள்ளி. பொய் சொல்ல மனம் வரவில்லை. “வலிக்கும்டி” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் இடுப்பெலும்பில் ஊசி இறங்கியது. அங்கிருந்து எடுத்த மஜ்ஜை தம்பிக்கு ஏறியது.

சரண் பிழைத்தான். அவன் ரத்த வகை மாறி, வள்ளியுடையதே ஆகிவிட்டது. நான் பெற்ற உடம்பில் நான் தராத ரத்தம். இன்னும் பழகவில்லை.

போன வாரம் மயிலாப்பூர் பூங்காவில் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. வள்ளிதான் ஓடினாள்.

“டேய் எரும, என் ரத்தத்த ஏண்டா வேஸ்ட் பண்றே?”

“ஆம்பளப் பிள்ளைய அப்படிச் சொல்லாதளா” என்று அதட்டினார் கூட வந்திருந்த மதினி.

“சொல்லட்டும் மதினி” என்றேன். “அவ ரத்தம்தானே?”