ஊருக்குச் சொல்லும் குரல்

யெல்ஷினா கிராமத்தில் யோலானாவின் முகத்தைவிட அவள் குரல்தான் எல்லோருக்கும் பழக்கம். ஊராட்சி அலுவலக மாடியில் ஜன்னலோரம் ஒரு மைக். அதில் பேசினால் மின்கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் வழியே தெருத்தெருவாகக் கேட்கும். தேவாலயத்தருகே ஒரு தரம், குளத்தங்கரையில் ஒரு தரம், கடைசியாக மலையில் மோதி இன்னொரு தரம் என்று ஒவ்வொரு சொல்லும் மூன்று முறை வரும். யோலானா கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பாள். முடித்ததும் எழுந்திருக்க மாட்டாள். போன குரல் பனிமூட்டத்தில் வழி தேடி, காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். "மேல அம்மா மறுபடி கனவு காண ஆரம்பிச்சாச்சு" என்று கீழே சிரிப்பார்கள்.

ஒரே ஒரு கட்சி நாட்டை ஆண்ட காலத்தில் மே தின ஊர்வலத்துக்கு ஆள் கூப்பிட்டவள் அவள். அந்த ஆட்சி கவிழ்ந்ததையும் அதே குரலில்தான் சொன்னாள். பிறகு நாடு இரண்டானது, பணம் மாறியது, பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். கோழி விற்க வரும் வண்டி மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு எல்லாமே ஒன்றுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஒருத்தன் மட்டும் கேட்டுச் செவிடாகணுமான்னுதான் எவனும் வரல" என்று தங்கை எடெல்கா சீண்டுவாள்.

அரசியலிலும் அவள் பெரிதாக மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போர் தொடங்கிய குளிர்காலத்தில், தப்பி வந்தவர்களுக்காக ஊரே சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, இவளும் ஓடினாள். அப்புறம் எரிவாயுக் கட்டணம் ஏறியது. "முதலில் நம் பிள்ளைகள், அடுத்தவன் சண்டை நமக்கெதற்கு" என்று தொலைக்காட்சியில் ஒருவன் முழங்கினான். ஊர் தலையாட்டியது, இவளும் ஆட்டினாள். போன தேர்தலில் அவனுக்குத்தான் ஓட்டும் போட்டாள். இப்போது மறுபடி தேர்தல். வேலிக்கு வேலி அவன் படம் சிரித்தது.

அந்த ஊரில் யாராவது இறந்தால் முதலில் ஒலிபெருக்கியில் சோக இசை வரும். கேட்டதும் ஊர் அப்படியே நின்றுவிடும். தொப்பி தானாகக் கைக்கு வரும். அதன் பிறகுதான் பெயர். கடைசியில், மாலை துக்க வீட்டில் ஜெபம் என்ற வரி.

புதன்கிழமை காலை ஒரெஸ்யா மாடியேறி வந்தாள். எல்லை தாண்டி வந்து, பழைய பள்ளிக்கூட அறையில் தங்கி, டவுன் பேக்கரியில் வேலை பார்ப்பவள். முகத்தில் அழுகை இல்லை, எல்லாம் தீர்ந்து போயிருந்தது.

"யோலாக்கா, என் வீட்டுக்காரர் போயிட்டாரு. போர்முனையிலயே புதைச்சிட்டாங்களாம். போய் உக்காந்து அழறதுக்குக்கூட எனக்கு ஒரு இடம் இல்ல. நீங்க பேர் சொன்னா ஊரே நிக்குதே. ஒரு தடவ அவரு பேரைச் சொல்லுங்களேன்."

யோலானா பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு ஊராட்சித் தலைவன் வின்ட்சென்ட் மேலே வந்துவிட்டான்.

"வேணாம்க்கா. சனிக்கிழமை தேர்தல். படம் கட்டினவன் எல்லாம் என் மேல பாய்வான். நம்ம ஊரு ஆளுங்களுக்குத்தான் இந்த மைக்."

"செத்தவன் தேர்தல் முடியட்டும்னு காத்திருக்கணுமாடா?"

"வாசிச்சீங்கன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுங்க. அவ்வளவுதான்."

"நீ பொறந்ததை ஊருக்குச் சொன்னவளே நான்தான். அன்னைக்கு யாருகிட்டயும் அனுமதி கேக்கல."

அவன் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். மைக் அவள் உயிர். அது போனால் வீட்டுச் சுவரோடுதான் பேச வேண்டும். அது தெரிந்தேதான் இசையைப் போட்டாள்.

ஜன்னலுக்குக் கீழே பிளம்பழ ஜாம் கிண்டிக்கொண்டிருந்த துடுப்புகள் நின்றன. வாசலில் சிகரெட் பற்றவைக்கப் போன வின்ட்சென்ட் தொப்பியைக் கழற்றினான். யோலானா கண்ணை மூடினாள். "நஸார் க்ரிவென்கோ, ஒரெஸ்யாவின் கணவர்" என்றாள். பெயர் தேவாலயத்தைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, எல்லைப் பக்கத்து மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தச் சுகத்தில், பழகிய வாய் பழகிய வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டது: "இன்று மாலை ஆறு மணிக்குப் பழைய பள்ளிக்கூடத்தில் ஜெபம்."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. ஜெபத்துக்கு யார் ஏற்பாடு செய்தார்கள்? ஒரே அறை, ஒரு கட்டில், இரண்டு நாற்காலி.

"புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்டி ஒரெஸ்யா. யாரும் வரலேன்னா?"

"வரலேன்னா நாம ரெண்டு பேர் இருக்கோம்ல."

அறையைப் பெருக்கினார்கள். டம்ளரில் மெழுகுவர்த்தி. அதன் மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில், பிடித்த மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் நஸார். ஆறு மணிக்குத் தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. வெளியே மூடுபனி மட்டும்தான். இந்தப் பெண்ணை ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டோமே என்று யோலானாவுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அப்போது மூடுபனிக்குள்ளிருந்து ஒரு நாற்காலி வந்தது. நாற்காலிக்குப் பின்னால் எடெல்கா. "உக்கார எடம் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கசகசா ரொட்டியை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு பெஞ்சு. மனிதர்கள் தெரியாமல் நாற்காலிகள் மட்டும் பனியில் மிதந்து வருவது போலிருந்தது. கனவா என்று யோலானா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். உள்ளே இடம் போதாமல் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒரெஸ்யா தன் மொழியில் ஜெபித்தாள், ஊர் தன் மொழியில் ஜெபித்தது, ஆமென் மட்டும் ஒன்றாக வந்தது.

வின்ட்சென்ட் கடைசியாக வந்து வாசலிலேயே நின்றான். ஜெபம் முடிந்ததும், "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்று ஒரெஸ்யாவிடம் சொன்னான். சொல்லிவிட்டு யோலானா பக்கம் கையை நீட்டினான். அவள் சாவியை வைத்தாள்.

சனிக்கிழமை ஊரில் அந்தத் தொலைக்காட்சிக்காரன் கட்சிதான் ஜெயித்தது. போன தடவையைவிட அதிக ஓட்டு. யோலானா இந்த முறை அவனுக்குப் போடவில்லை. போன முறை போட்டதை நினைத்தால் அதில் பெருமைப்படவும் முடியவில்லை.

"நானும் அவனுக்குத்தான் போட்டேன்" என்றாள் எடெல்கா. "ஏன் மொறைக்கிற? அது வேற, இது வேற."

"எதுடி வேற?"

எடெல்கா ஜாமைக் கிண்டினாள். யோலானாவுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிது. ஜெபத்தன்று தங்கையின் கண்ணில் வழிந்த கண்ணீர் பொய்யில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஞாயிறன்று வின்ட்சென்டே மைக்கில் முடிவை வாசித்தான். யோலானா பழைய பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ஒரெஸ்யா முற்றத்தில் நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தன்று யாரும் அவற்றை எடுத்துப் போகவில்லை. இருக்கட்டும், உனக்கு உதவும் என்று விட்டுப் போயிருந்தார்கள்.

"என்னடி பண்ற?"

"திருப்பிக் குடுத்துடலாம்னு. ஜெயிச்சவங்க நாளைக்கு எங்க ஆளுங்களைப் போகச் சொல்லிட்டா, யாரு பொருளும் என்கிட்ட இருக்கக் கூடாதுக்கா."

ஊரே நின்று கேட்ட அந்தக் குரலில் ஏதாவது சொல்லப் பார்த்தாள் யோலானா. போக மாட்டாய் என்று சொல்ல அவளுக்கு என்ன தெரியும்? துணியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். ஈரம் காயாத நாற்காலியில் தானே முதலில் உட்கார்ந்தாள்.

"உக்காருடி. குடுத்தவங்க வந்து கேக்கட்டும். உன் மூஞ்சியைப் பாத்துக் கேக்கட்டும்."