சேமக்காலை மதிலுக்கு வெளியே

1. வாசலில் கிடந்த முளைகள்

ஒரு திங்கட்கிழமை காலை முருங்கன் பஸ்ஸில் வந்து இறங்கிச் சபைக் கந்தோருக்கு வேலைக்குப் போனபோது, ஒரு காணியின் எல்லைக்கு நான் அடிப்பித்த பன்னிரண்டு முளைக்கட்டைகளும் வாசற்படியில் குவிந்து கிடந்தன. மேலே ஒரு கடதாசி. "இன்னொருக்கா அடிச்சா, இதாலதான் அடி விழும்" என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. முளைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மன்னார்க் கரையோரப் பிரதேச சபை ஒன்றில் இருபத்தாறு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள் நான். "ரி.ஓ. மிஸ்" என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். வீடு, கடை, மதில் என்று யார் எதைக் கட்டுவதானாலும் பிளான் என் மேசைக்கு வரவேண்டும். நான் காணியைப் பார்த்து, அளந்து, அறிக்கை எழுதிய பிறகுதான் சபை அனுமதி கொடுக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக அந்த முளைகளின் கதையை எழுதுகிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது.

விடத்தல்தீவுப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஒரு தெருவில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், அடுத்த தெருவில் முஸ்லிம் குடும்பங்கள். போர் நடந்த தொண்ணூறாம் ஆண்டில், ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் உடுத்த உடுப்போடு போய், இருபது வருடம் புத்தளம் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். போர் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். வீடுகளும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. பள்ளிவாசல் இருந்த காணியில் உடைமரம் காடாக வளர்ந்திருந்தது. அந்தக் காணிக்குத் தெற்கே ஒரு பழைய மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கரின் சேமக்காலை. அவர்களுடைய கல்லறைகள் எல்லாம் அங்கேதான்.

புதுப் பள்ளிவாசலுக்கான பிளான் வந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் குறை இல்லை, வரைபடத்திலும் பிழை இல்லை. நான் காணிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். நல்ல வெயில். உடைமுள் சேலையைப் பிடித்து இழுத்தது. மணலில் அங்கங்கே சங்குகள் கிடந்தன. கடற்கரை ஊர்தானே என்று நினைத்தேன். "வெற்றுக் காணி. ஆட்சேபனைக்கு இடமில்லை" என்று எழுதினேன். பற்றையை வெட்டி, கட்டட எல்லைக்கு முளை அடிப்பித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஊர் கொதித்தது. சேமக்காலைக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் வரக்கூடாது என்று பெட்டிசம் வந்தது. ஊரைத் தெரியாத ஆட்கள் எங்கிருந்தோ வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு நோட்டீஸ் கத்தோலிக்கரின் கோயிலைக் காப்பாற்றச் சொன்னது. இன்னொன்று உரிமையை மீட்கச் சொன்னது. இரண்டையும் ஒரே அச்சகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

2. தவிசாளரின் அறை

சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அடுத்த தேர்தலைப் பற்றிய பயம் மட்டும் எப்போதும் இருக்கும்.

"மிஸ், உந்தப் பிளானில ஏதாவது பிழை பிடிச்சுத் திருப்பி அனுப்புங்கோ. ஸ்ரீட் லைன் எண்டு சொல்லுங்கோ."

"ஸ்ரீட் லைன் சரியாத்தான் இருக்குது சேர். தெருவுக்கு விடவேண்டிய இடம் விட்டிருக்கினம்."

"பிழை இல்லாத பிளான் எண்டு ஒண்டு இருக்கோ?"

"இருக்குது சேர். இதுதான்."

அவர் கதிரையில் சாய்ந்து முகத்தைத் துடைத்தார். "நீங்கள் வவுனியாவுக்கு மாறிப் போயிடுவியள். நான் இந்த ஊருக்குள்ளதானே இருக்கோணும்?"

"நானும் எங்கயும் போகமாட்டன். எனக்கு ஒரு கிழமை தாங்கோ. ரெண்டு பகுதியையும் காணிக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால அளந்து காட்டுறன்."

அரைமனதோடு சம்மதித்தார்.

அந்தக் கிழமை பெட்டிசத்தை வரி வரியாகப் படித்தேன். நான்கு காரணம் எழுதியிருந்தார்கள். திருநாள் பவனிக்குப் பாதை தடைப்படும் என்றார்கள். பாதையை அளந்தேன், ஓர் அங்குலமும் குறையவில்லை. வாகன நெரிசல் வரும் என்றார்கள். அந்தத் தெருவில் மொத்தமே இரண்டு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமும் ஒரு முச்சக்கர வண்டியும்தான். ஒலிபெருக்கிச் சத்தம் என்றார்கள். அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. கடைசியாக, சேமக்காலையின் அமைதி கெடும் என்றார்கள். முன்பும் அதே இடத்தில்தான் பள்ளிவாசல் இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, பெட்டிசத்தில் முதல் கையெழுத்துப் போட்ட சூசை மூப்பருக்கு அனுப்பினேன். கோயில் காரியங்களை முன்னின்று செய்கிறவர் அவர். பதில் கிடைத்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார். பெட்டிசத்தைத் திருப்பி எடுக்கவில்லை. எழுதாத ஐந்தாவது காரணம் ஒன்று இருக்கிறது என்று அப்போது எனக்குப் பட்டது.

3. அளவுநாடா பிடித்த நாள்

அளக்கிற நாளில் ஊர் முழுவதும் வந்து நின்றது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் இரண்டு பொலிஸ்காரர். நான் நூறடி அளவுநாடாவை எடுத்து, ஒரு முனையைச் சூசை மூப்பரிடமும் மறு முனையைப் பள்ளிவாசல் தலைவர் காதர் மரைக்காரிடமும் கொடுத்தேன். இருவரும் வேண்டாவெறுப்பாக வாங்கினார்கள். கையில் வேலை இருக்கும்போது ஆட்கள் குறைவாகத்தான் சத்தம் போடுவார்கள்.

காதர் மரைக்கார் புத்தளத்தில் உப்பு வேலை செய்து கை வெடித்த மனிதர். வெட்டிய பற்றைக்குள் காலால் மணலைத் தள்ளிக் காட்டினார். சுண்ணாம்புக் கட்டு தெரிந்தது.

"இந்தா பாருங்கோ, எங்கட பழைய பள்ளிட அத்திவாரம். இது பொய்யோ?"

சூசை மூப்பர் நாடாவைப் பிடித்தபடியே சொன்னார்: "பள்ளி இருந்தது. நான் இல்லையெண்டு சொல்லேல்ல."

"அப்ப ஏன் பெட்டிசம் போட்டனீங்கள்?"

மூப்பர் சேமக்காலை மதிலைப் பார்த்தார்.

அடுத்ததாகத் தெற்கு எல்லையை, மதில் ஓரமாக, அளக்க வேண்டும். நாடாவை இழுத்துக்கொண்டு போனபோது ஒரு பெண் குறுக்கே வந்து நின்றார். அறுபதுக்கு மேல் இருக்கும். கருவாடு போடுகிற மதலேனம்மா என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"இதால மிதிச்சுப் போகாதேங்கோ பிள்ளை."

"எல்லையை அளக்கோணும் அம்மா. கொஞ்சம் விலகுங்கோ."

"மாட்டன். என்ர பிள்ளை இதுக்குள்ள கிடக்குது."

மதலேனம்மா குந்தி உட்கார்ந்து, கையால் மணலை வாரி ஒதுக்கினார். வாய் கீழே இருக்கும்படி நட்ட ஒரு சங்கு தெரிந்தது. தள்ளி இன்னொன்று. அவர் அழவில்லை. கணக்காகச் சொன்னார்.

"எனக்கு முதல் பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஞானஸ்நானம் குடுக்கேல்ல. அந்த நேரம் அப்பிடிப் பிள்ளையளைச் சேமக்காலைக்குள்ள வைக்க விடமாட்டினம். இந்த மதிலுக்கு வெளிய, பொழுதுபட முந்தி ஆம்பிளையள் கொண்டுவந்து கிடங்கு கிண்டித் தாழ்ப்பினம். குருசு நடேலாது. அதால சங்கு நட்டம். பதினொரு பிள்ளையள் கிடக்குதுகள். தாய்மார் எங்களுக்குத்தான் தெரியும்."

"இது பள்ளிக் காணியெல்லோ?" என்றார் காதர் மரைக்கார். குரல் தணிந்திருந்தது.

"ஓம். உங்கட வாப்பாதான் வேலியைத் திறந்து விட்டவர். மண்வெட்டியும் அவர்தான் தந்தவர்."

எனக்குக் கால் கூசியது. போன முறை அந்தச் சங்குகளுக்கு நடுவில்தான் நின்று "வெற்றுக் காணி" என்று எழுதினேன். அனுமதிக்குப் போன பிளானில் மதிலோரத்தில் மலசலகூடம் வரைந்திருந்தது. நான்தான் அதைச் சரி என்று ஒப்பமிட்டவள்.

சூசை மூப்பரைத் தனியாகக் கூப்பிட்டேன். "இதை ஏன் நீங்கள் எழுதேல்ல?"

"எப்பிடி மிஸ் எழுதுறது?" என்றார். "நாங்களே உள்ளுக்கு இடம் குடுக்காத பிள்ளையள். இப்ப எங்கட பிள்ளையள் எண்டு எழுதினா, கேக்கிறவன் எங்களை என்ன கேப்பான்? வெக்கத்தில வேற காரணம் எழுதினம். பிறகு வெளியாக்கள் வந்து அதைப் பெரிசாக்கிப் போட்டாங்கள்."

காதர் மரைக்கார் அத்திவாரத்தின் மேல் குந்தியிருந்தார். நான் பக்கத்தில் போனேன். நான் வாய் திறக்க முன்னரே அவர் சொன்னார்: "விட்டுக் குடுங்கோ எண்டுதானே கேக்கப் போறியள்? இந்த ஊருக்குத் திரும்பி வந்த நாளிலயிருந்து பொறுங்கோ, தள்ளிப் போங்கோ எண்டுதான் எங்களுக்குச் சொல்லுறாங்கள். நான் இண்டைக்கு ஓம் எண்டு சொன்னா, எங்கட சனம் என்னை என்னெண்டு நினைக்கும்? அதுக்காகப் பச்சைப் பிள்ளையளுக்கு மேல கக்கூஸ் கட்டவும் என்னால ஏலாது."

"விட்டுக் குடுக்கச் சொல்லி நான் கேக்கேல்ல," என்றேன். "பள்ளியில ஒரு சதுர அடியும் குறையாமல் பிளானை மாத்தேலுமோ எண்டு பாக்கிறன். ஏலாட்டி ஏலாது எண்டு நேர வந்து சொல்லுவன்."

4. திருப்பி வரைந்த பிளான்

மூன்று நாள் அந்தப் பிளானோடு இருந்தேன். வீடு என்றால் இப்படியும் அப்படியும் திருப்பலாம். பள்ளிவாசலைத் திருப்ப முடியாது. தொழுகை மண்டபம் மக்காவின் திசையைப் பார்க்க வேண்டும். எங்கள் கரையில் அது நேர் மேற்கு அல்ல, கொஞ்சம் வடக்கே சரிந்தது. நேரான காணியில் சரிவான கட்டடம் வைத்தால் மூலைகளில் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். பழைய பிளானில் அவற்றை வீணாக விட்டிருந்தார்கள்.

மண்டபத்தை அளவு மாற்றாமல் வடக்கே பதினான்கு அடி நகர்த்தினேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டியை வடகிழக்கு முக்கோணத்தில் வைத்தேன். மலசலகூடத்தை அதன் பின்னால் கொண்டுபோனேன். எல்லாம் பொருந்தியது. ஒன்று மட்டும் இடித்தது. தெரு அந்த இடத்தில் வளைவதால் முன்விறாந்தை ஸ்ரீட் லைனுக்கு மூன்றடி வெளியே வந்தது. அதைச் சபை தீர்மானம் போட்டுத் தளர்த்தலாம். அதற்கு ரி.ஓ. காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதுவதென்றால் முதல் அறிக்கை பிழை என்பதையும் எழுத வேண்டும்.

தவிசாளர் என் புது அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ், உங்களுக்கு எதிரா நீங்களே எழுதியிருக்கிறியள். இன்குவாரி வரும்."

"வரட்டும் சேர். காணியை ஒழுங்காப் பாக்காதது நான்தானே?"

5. சபைக் கூட்டம்

கூட்டத்தில் அறிக்கையை நானே எழுந்து வாசித்தேன். "முன்னைய அறிக்கையில் வெற்றுக் காணி எனக் குறிப்பிட்டது எனது தவறு" என்ற வரியையும் விடாமல் வாசித்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் வாசித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

நோட்டீஸ் ஒட்டிய ஆட்களில் ஒருவர் பின்வரிசையில் எழுந்து, மதிலோரத்து அந்தத் துண்டைக் கோயிலுக்கு எழுதித் தரவேண்டும் என்று கத்தினார். காதர் மரைக்கார் திரும்பிப் பார்த்து, "காணி எங்கட உறுதியிலதான் இருக்கும். எழுதித் தரமாட்டம். ஆனா அதுக்கு மேல ஒரு கல்லும் வைக்கமாட்டம். வேலியை நாங்கள் போடுறம், போய்வாற படலை உங்கட பக்கம் இருக்கட்டும்" என்றார்.

தவிசாளர் சூசை மூப்பரைப் பார்த்தார்.

"எங்களுக்கு அது போதும்," என்றார் மூப்பர். பிறகு பின்வரிசையைப் பார்த்து, "நீர் எந்த ஊர், தம்பி?" என்று கேட்டார். அந்த ஆள் உட்கார்ந்தார்.

மதிலிலிருந்து பதினான்கு அடிக்குள் எந்தக் காலத்திலும் கட்டடம் எழுப்பக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி நிறைவேறியது. இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். இன்குவாரியும் வந்தது. ஓர் எச்சரிக்கைக் கடிதம் என் பைலில் ஏறியது. ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒலிபெருக்கியைப் பற்றிப் பெட்டிசம் இப்போதும் வருகிறதாம். கோயில் பக்கத்தில் இரண்டு வீட்டார் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள். ஆனால் பள்ளிவாசல் எழும்பியது. ஒருவருக்கும் ஒரு அடியும் விழவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆட்சேபனைக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. ஆட்கள் மிகவும் பயப்படுகிற காரியத்தையும் வெட்கப்படுகிற காரியத்தையும் கடிதத்தில் எழுதமாட்டார்கள். காணிக்குப் போய், அவசரப்படாமல், எல்லாருக்கும் முன்னால் அளந்து பாருங்கள். சொல்ல வேண்டியவர் குறுக்கே வந்து நிற்பார். அவரை விலகச் சொல்வதற்கு முன் ஏன் நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் அறிக்கை பிழை என்று தெரிந்தால் நீங்களே அதைத் திருத்துங்கள்.

அந்த வருடம் நவம்பரில், மரித்தவர்களை நினைக்கிற நாளன்று, பின்னேரம் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே செபம் முடிந்ததும் பங்குத்தந்தை மதிலைச் சுற்றி, புதுப் படலையைத் திறந்துகொண்டு வெளித் துண்டுக்கு வந்தார். அங்கு ஒரு குருவானவர் செபிக்க வந்தது அதுதான் முதல் தடவை என்றார்கள். அந்த இடத்தை மந்திரித்து ஆசீர்வதிப்பதற்கு முன் தாய்மாரைப் பார்த்து, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். செத்துப் பிறந்த பிள்ளைக்கு யார் பெயர் வைத்தார்கள்?

மதலேனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"அந்தோனி," என்றார். "நான் மனசுக்குள்ள வைச்சிருந்தனான், சுவாமி. நாப்பத்திரண்டு வருஷமா."