அவள் கொடுத்த டிரிம்மர்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் ஒரு தியேட்டரில் மேட்னி ஷோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். பதினெட்டு வருடமாகப் பிறர் வேலையில் குறை கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. அப்போது ஒரு வெளிநாட்டு ராக் பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மைக்கறை என்று நினைத்து, நாற்பது பீஸைத் தள்ளிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாடகரின் வாழ்க்கைதான் படம். "உங்க மைக்கறைக்காரர் படம் வந்திருக்குதும்மா, வாங்க போலாம்" என்று கல்லூரியில் படிக்கும் மகன் கேலி செய்து கூட்டிப்போனான்.

பாட்டெல்லாம் எனக்குக் காட்டுக் கத்தலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க மனசு கனத்துப்போனது. குடி, சண்டை, தூக்கமில்லாத நாட்கள். பிறகு திடீரென்று அமைதியாகிவிடுகிறார். நேரத்துக்கு வருகிறார், எல்லோரிடமும் சிரிக்கிறார். உயிராக வைத்திருந்த கிடாரைக் கூட்டாளியிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்கிறார். மனுஷன் திருந்திவிட்டார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த காட்சியில் அவர் உயிரோடு இல்லை.

என் கைப்பைக்குள் ஒரு டிரிம்மர் இருந்தது.

செக்கிங்கில் நூல் வெட்டும் சின்னக் கத்தரிதான் டிரிம்மர். அதை ஆளுக்கொன்றாகத் துணி நாடாவில் மணிக்கட்டோடு கட்டியிருப்போம். கைக்குப் பழகியதை யாருக்கும் இரவல்கூடத் தர மாட்டோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் டேபிளில் வேலை பார்க்கிறாள் ஒருத்தி. முப்பது வயது, புருஷனைப் பறிகொடுத்து அப்போது ஒரு வருடம். எந்நேரமும் பாட்டு முணுமுணுப்பவள், ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. நாளுக்கு அவள் முடிக்கும் பீஸ் கூடியது. "இப்பத்தான் வேலைல கவனம் வந்திருக்குது" என்று எல்லோர் முன்பும் பாராட்டினேன், பாவி. முந்தின நாள் சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாடாவை அவிழ்த்து, "இத நீங்களே வச்சுக்கிடுங்கக்கா, நல்லா வெட்டும்" என்று சிரித்தபடி கொடுத்தாள். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன்.

தியேட்டரிலிருந்தே போன் போட்டேன், எடுக்கவில்லை. மகனைக் கிளப்பி, அனுப்பர்பாளையத்தில் அவள் இருந்த லைன் வீட்டுக்கு வண்டியை விரட்டச் சொன்னேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பேர் சொல்லிக் கத்தினேன், இரண்டு கையாலும் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தாள்.

டிரிம்மரை நீட்டி, "இது எனக்கு வேண்டாங் கண்ணு. நாளைக்கு நீயே வந்து நூல் வெட்டோணும்" என்றேன்.

"இன்னைக்குப் போயி ஏன்க்கா வந்திய?" என்றவள், அப்படியே என் மேல் சாய்ந்து கதறினாள்.

அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டு, அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அழைத்துப்போனேன். மருந்தும் பேச்சுமாக அவள் தேறிவர ஆறு மாதம் ஆனது. இப்போது பழையபடி டேபிளில் பாடுகிறாள். சுருதி சேரவே சேராது. நான் அதட்டுவதில்லை.

இல்லாத கறையை நாற்பது பீஸில் கண்டுபிடித்த நான், எதிரில் நின்று டிரிம்மரை நீட்டியவளின் முகத்தை மட்டும் அன்று பார்க்கவில்லை. இப்போது பீஸைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்க்கிறேன்.