பனங்களி பிசைந்த கை

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் விமலேஸ்வரி அக்கா தேத்தண்ணிக்குச் சீனி போட்டு நான் கண்டதில்லை. புருஷன் மயில்வாகனத்தைச் சீனி வருத்தம் திடீரெனக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் குசினியில் சீனிப் போத்தலே இல்லை. பனம்பழம் விழும் காலத்தில் பழத்தைப் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்து, பனாட்டு விற்றுத்தான் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் வளர்த்தார். தான் செய்த பனாட்டில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷி, புதுக்குடியிருப்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குப் போன கிழமை முகம் வெளிறி வந்தார். ஊருக்கு வந்த ஏதோ இலவச முகாமில் விரலில் குத்திச் சீனி பார்த்திருக்கிறார்கள். மெஷினில் எண் வரவில்லை, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துத்தான் வந்ததாம். "அம்மா, மெஷின் உங்களுக்கு ஹாய் சொல்லுது" என்று சின்னவள் யதுர்ஷிகா சிரித்தாளாம். அளக்கவே இயலாத அளவுக்குச் சீனி ஏறினால்தான் அந்த மெஷின் 'ஹை' என்பதைச் சுருக்கி அப்படிக் காட்டும்.

"அவர் போன வழியிலதான் நானும் போகப்போறன் நிரோஜா. பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?"

"பொறுங்கோ அக்கா. நரம்பில எடுத்துப் பாப்பம்."

கையில் இரத்தம் எடுத்து, குழாயைச் சுழலவிட்டு, மேலே தெளிந்து நின்ற நீரில் மருந்தைக் கலந்தேன். சீனி கூடக்கூட அது கடுஞ்சிவப்பாகும். இதுவோ வெளிறியே நின்றது. அளவு தொண்ணூற்றிரண்டு, நல்ல சுகதேகியின் அளவு. நம்பாமல் திரும்பச் செய்தேன். அதே தொண்ணூற்றிரண்டு.

"குத்தேக்க என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

"பனங்களி பிசைஞ்சுகொண்டு நிண்டனான். கூப்பிட்டவை, கையைச் சீலைத் தலைப்பில துடைச்சிட்டு ஓடினனான்."

நாசமாய்ப் போவார், கையைக் கழுவு என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அக்கா எனக்கென்று கொண்டுவந்த பனாட்டை நனைத்து என் விரலில் தேய்த்து, துடைத்துவிட்டுக் குத்தினேன். எங்கள் மெஷினும் எனக்கு ஹாய் சொன்னது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மற்ற விரலில் குத்தினேன். எண்பத்தெட்டு.

"பாத்தீங்களே? சீனி உங்கட கையிலதான், இரத்தத்தில இல்லை. இனிப் பயப்பிடாமல் பனாட்டுச் சாப்பிடுங்கோ."

அக்கா சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் இப்பிடி ஒரு முகாமிலதான் குத்தினவை. அதுக்கு முதல் ஒரு வருத்தமும் இல்லை. சீனி குறையிறதுக்குக் குளிசை தந்தவை. ஒரு நேரமும் பிந்தாமல் நான்தான் எடுத்துக் குடுத்தனான். மற்றக் கிழமை வயல் வரம்பில மயங்கி விழுந்தவர், எழும்பேல்லை."

சீனி வருத்தம் இல்லாத உடம்பில் அந்தக் குளிசை இருக்கிற சீனியையும் இறக்கி ஆளை விழுத்தும் என்று எனக்குத் தெரியும்.

"அவருக்குக் குத்தின அண்டைக்கும் பனங்களிதான்" என்றார் அக்கா. "ரெண்டு பேருமாத்தான் பிசைஞ்சனாங்கள்."