ஐந்து மில்லிமீட்டர் மழை

எங்கள் முதலாளி இறந்த மறுநாள் நான்கு செய்தித்தாள்கள் வாங்கினேன். நான்கிலும் ஒரே இரண்டு தவறுகள். தெருவில் குடை விற்று முன்னுக்கு வந்தவர் என்று எழுதியிருந்தார்கள். அவர் விற்கவில்லை; பதினேழு வயதில் பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்து உடைந்த குடைகளைப் பழுதுபார்த்தார். சொந்தக் கட்சிக்காரர்களே காலை வாரியதால் தேர்தலில் தோற்றார் என்றும் எழுதியிருந்தார்கள். அவர் தோற்றது ஐந்து மில்லிமீட்டர் மழையால். எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

இருபத்தாறாவது வயதில், பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி வாடகை அறையில், நான்கு தையல் இயந்திரங்களோடு குடைத் தொழிற்சாலை தொடங்கினார். அன்றே நான் எழுத்தராகச் சேர்ந்தேன். இரண்டு வயது மூத்தவன் என்பதால் என்னைக் கடைசிவரை அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டார். மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. ஆறாயிரம் குடைகள் கட்டுக்கட்டாகத் தேங்கின. அடுத்த வாரமே மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்தார்.

"ஊர்ல ஆளுக்கொரு மழை சொல்றாங்க அண்ணே. நமக்கு ஒரே மழை போதும்."

தினமும் காலை எட்டரைக்கு நான் அளந்து பதிவேட்டில் எழுதுவேன். அதைப் பார்த்த பிறகுதான் துணி வெட்டச் சொல்வார். எதற்கும் அவருக்கு எண்ணிக்கை வேண்டும். "பொண்ணு பாக்க வந்தப்பவே வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு எண்ணிட்டிருந்தாரு, என்னைப் பாக்கவே இல்ல" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

தையல் பகுதிப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வந்ததைப் பார்த்துத்தான் நாற்பத்தொன்றாம் வயதில் நகரசபைத் தேர்தலுக்கு நின்றார். மேடையில் மற்றவர்கள் நாட்டைப் பற்றிப் பேச, இவர் எந்தத் தெருவில் எத்தனை அடிக்குச் சாக்கடை இல்லை என்று பேசினார். ஜெயித்தார். நாற்பத்தொன்பதில் நாடாளுமன்றம். ஐம்பத்தெட்டில் ஆளும் கட்சியின் தேசியத் தலைவர்.

அந்த ஆண்டுதான் எங்கள் வட்டாரத்தில் பயிர் கருகியது. பருவ மழை முந்நூறு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் விவசாயிகளுக்கு நிவாரணம் என்பது சட்டம். அரசாங்கத்தின் மழைமானி துருப்பிடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்ததால், எங்கள் தொழிற்சாலைப் பதிவேட்டையே அதிகாரிகள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பருவம் முடிந்த அன்று கூட்டிப் பார்த்தேன். முந்நூற்று நான்கு.

மதியம் அவர் வந்தார். தேர்தல் வேலைகளைப் பார்த்துக்கொண்ட அவர் மனைவியின் தம்பியும் கூட வந்தார்.

"முன்னூத்தி நாலா?" என்றார் தம்பி. "அண்ணே, ஒரு காக்கா வந்து தலையைச் சிலுப்பினாலே நாலு வந்துடுமே!"

"சிலுப்பியிருந்தா அதையும் எழுதியிருப்பேன்" என்றேன்.

தம்பி பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அங்கே ஒரே ஒரு வரி வேறு கையெழுத்தில் இருந்தது. என் இளைய மகள் கல்யாணத்துக்காக நான் ஒரு நாள் விடுப்பில் இருந்தபோது, ஊருக்கு வந்திருந்த தலைவர் தாமே அளந்து எழுதியது. ஒன்பது மில்லிமீட்டர்.

"மச்சான், இது உங்க கையெழுத்து. அவசரத்துல நாலைத்தான் ஒம்பதுன்னு எழுதிட்டீங்க. அப்படித்தானே? மொத்தம் எரநூத்தி தொண்ணூத்தி ஒம்பது ஆயிடும். யாரு வந்து கேக்கப்போறா? அன்னைக்கு மாடியில ஒரு ஈகூட இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் அன்னைக்கு ஊர்ல இல்ல. எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார். "குனிஞ்சு, கண் மட்டத்துல வச்சுத்தான் பார்த்தேன். ஒம்பது."

"தேர்தல் வருது மச்சான்."

"தெரியும் மாப்பிள்ளே."

"பதினோராயிரம் குடும்பம்."

அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் பொதுக்கூட்டத்தில் முந்நூற்று நான்கு என்றே சொன்னார். பயிர் கருகி முடிந்த பிறகு ஒரே நாளில் கொட்டிய அறுபத்தொரு மில்லிமீட்டரையும் சேர்த்துக் கணக்கிடும் சட்டம் தப்பு, அதை மாற்றுவேன் என்றார். கூட்டம் பாதியில் கலைந்தது. தலைநகரில் எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் தனி உதவி கேட்டுப் பார்த்தார். தலைவர் ஊருக்கு மட்டும் சலுகையா என்று கட்சிக்காரர்களே மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து எட்டாம் மாதம் தேர்தல். கட்சி ஜெயித்தது, அவர் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். சட்டம் மாறப் பதினான்கு மாதங்கள் ஆயின. அது மாறிய ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நல்ல மழை.

தோற்ற பிறகு தினமும் தொழிற்சாலைக்கு வந்தார். ஒரு நாள் காலை விவசாயி ஒருவர் அலுவலகத்துக்குள் வந்தார். கிணற்று மோட்டாரை விற்றுவிட்டுச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என் மோட்டார் என்கிட்டயே இருந்திருக்கும்னு உங்க மச்சினனே டீக்கடையில சொல்லிட்டிருக்காரு. நெசமா?"

"நெசந்தான்."

"பின்னே ஏன் சொல்லல?"

"நல்லதுக்குன்னு நான் குறைச்சுச் சொன்னா, நாளைக்கு வர்றவன் உங்களுக்குக் குடுக்காம இருக்க ஏத்திச் சொல்லுவான். அப்ப நீங்க யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?"

"இப்ப மட்டும் யார்கிட்டப் போய்க் கேக்குறதாம்?"

அவர் செய்தது சரியா என்று நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். பதிவேடு எழுதியே பிழைத்த எனக்கு உடனே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த விவசாயியோடு சந்தைவரை நடந்தே போனார். திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வந்ததும் கட்சித் தலைவர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"ஒரு ஆளுக்குப் பதில் சொல்ல முடியலன்னு போடுங்க அண்ணே" என்றார்.