ஹார்லன் வாஸ்பர்க் போட்ட ஓட்டு

கான்சஸில், டெல்வின் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தவர் ஹார்லன் வாஸ்பர்க். எதிர்த்து நிற்க ஆளில்லாத தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர், பிறகு வருஷக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டார். தலைநகர் டொபீகாவில் அவர் வாய்திறந்து பேசியது குறைவு. சாலைக்குச் சரளை, பள்ளிக்கூடத்துக்கு நிலக்கரி என்று கேட்டு வாங்கி வருவார். ஊருக்கும் அது போதுமாயிருந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கத்து நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்க, டெல்வினுக்குக் கீழே அணை கட்ட மசோதா வந்தது. கட்டினால் டெல்வின் முழுகிப்போகும். எதிர்த்து ஓட்டுப் போடுவதாக ஹார்லன் தேவாலயக் கூடத்தில் வாக்குக் கொடுத்தார். மனதாரத்தான் கொடுத்தார்.

அந்த வசந்தத்தில் ஆறு கரையுடைத்தது. கீழே இருந்த அந்த நகரத்தைப் பார்த்துவர, சட்டமன்றத்திலிருந்து அவரை அனுப்பினார்கள். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பிணங்களைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஒரு பெண்ணுக்குப் போர்வை எட்டாமல் பாதங்கள் வெளியே தெரிந்தன. ஒன்றில் மட்டும் செருப்பு. ஹார்லனுக்கு அழுகை வரவில்லை. யாரோ நீட்டிய ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்பினார்.

ஓட்டெடுப்பில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது, "சம்மதம்" என்றார். அவர் ஓட்டு இல்லாமலும் மசோதா நிறைவேறியிருக்கும்.

வீட்டில் அவர் மனைவி லியோட்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டேன். உங்கப்பாவக் கல்லறையிலேர்ந்து தோண்டி எடுக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைக்கு கிளெம் ஆஸ்டர் வந்தார். சின்ன வயதிலிருந்து பழக்கம். தீவனம் எதுவும் கேட்கவில்லை.

"நீ எதிர்த்துப் போட்டிருந்தாலும் ஊரு முழுகத்தான் போவுது, ஹார்லன். அது எனக்கும் தெரியும். ஆனா நீயும் எங்களோட சேர்ந்து முழுகுவேன்னு நெனச்சோம்."

அந்தப் பாதங்களைப் பற்றிச் சொல்லலாமென்று நினைத்தார் ஹார்லன். தீவன மூட்டை ஒன்றின் வாயை இறுக்கிக் கட்டினார். கிளெம் போய்விட்டார்.

அடுத்த தேர்தலில் ஹார்லன் தோற்றார். மேட்டிலிருந்த பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்து, ஓர் இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். டெல்வின்காரர்கள் வந்தால் மற்ற ஆளிடம் ஆணி வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும் கண்டும் காணாமல் இருந்தார்.

அணைத் திறப்புக்கு அழைப்பு வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையிலிருந்தவர் நன்றி சொல்லும்போது அவர் பெயரைத் தப்பாக உச்சரித்தார். ஹார்லன் திருத்தவில்லை. எல்லாரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

வீடு திரும்பியதும் லியோட்டா கேட்டாள்: "எப்படி இருந்துச்சு?"

"தண்ணி நெறைய நிக்குது," என்றார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே படுத்துத் தூங்கினார்.